பாட்டு முடிந்ததும் பஸ் எங்கே நின்றது

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுத்து இறக்கும்போது "முருகா, இந்த வருஷம் எழுதிவிடுகிறேன்" என்று சொல்வேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றுவதற்குள் மனசு பின்வாங்கிவிடும். என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்துபோனார் என்பதை நானே ஊருக்குச் சொல்வதா என்று இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள், டாக்டர்கள் பேச வேண்டியதைப் பேசுவதா என்றும் இருக்கும். இவற்றையெல்லாம்விட, சாமிப் பாட்டு நகர்த்தாத ஒன்றை வேறு பாட்டு நகர்த்தியது என்று எழுதினால் கோயிலில் முகம் கொடுத்துப் பேசுவார்களா என்ற பயம்தான் கையைக் கட்டிப்போட்டது. போன மாதம் அவரிடமே கேட்டேன். "எழுதேன். நடந்ததுதானே?" என்றார். அதற்கு மேல் எனக்கு யார் உத்தரவும் வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. நடுவில் நீளமான நடை. இரண்டு பக்கமும் எங்களைப் போலக் குடித்தனங்கள். பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல்கட்டு. அவர் பஸ் கண்டக்டர். தஞ்சோங் பகாரில் புறப்பட்டு, சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலைத் தாண்டி, நார்த் பிரிட்ஜ் ரோடு, காலாங் பாலம், கேலாங் என்று போய்க் காத்தோங்கில் முடியும் பஸ். அப்போதெல்லாம் காத்தோங்கில் கடல் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே பஸ்ஸைத் திருப்புவதற்கு முன் அவரும் டிரைவரும் ஒரு தேநீரை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். டிரைவர் வயதான மலாய்க்காரர். இவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். இவர் அவரைப் 'பாக் சிக்' என்பார், பெரியப்பா சித்தப்பா என்கிற மாதிரி.

ஒரு நாள் பட்டப்பகலில், காலாங் பாலத்துக்கு இந்தப் பக்கம், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் மெல்ல ஓரங்கட்டி நின்றது. நல்ல கூட்டம். கண்டக்டர் மணியை இரண்டு தடவை அடித்தால் 'போகலாம்' என்று அர்த்தம். இவர் அடித்தார். பஸ் நகரவில்லை. மறுபடி அடித்தார். பிறகு, "என்ன பாக் சிக், பாலத்துக் காத்து அவ்வளவு சொகமா இருக்கா?" என்று மலாயில் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் முன்னால் போய்ப் பார்த்தார். அந்த மனிதர் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார். ஒரு கை ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. இத்தனை பேரைப் பத்திரமாக ஓரத்தில் நிறுத்திவிட்டுத்தான் உயிரை விட்டிருக்கிறார்.

மலாய்க்காரர்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். இவர் போலீஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கேலாங் சீராயில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தார், குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சில நாள் வேலைக்கும் போனார். பிறகு ஒரு காலையில் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

எதைக் கேட்டாலும் ஒரு சொல், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே நாள் போகும். கம்பெனியில் லீவு கொடுத்தார்கள். ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டல்லவா? இவருடைய அண்ணன், என் மூத்தார், சிராங்கூனில் மிளகாய் மில் வைத்திருந்தவர். தங்கமான மனிதர். ஆனால் எதையும் மெஷின் சத்தத்தை மிஞ்சித்தான் பேசுவார். அவர் வந்து பார்த்துவிட்டு முடிவே சொல்லிவிட்டார்.

"நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்தி விட்டுடுவோம்மா. ஊருல நம்ம குலதெய்வம் கோயில் மண்டபத்துல ஒரு மண்டலம் இருக்கட்டும். தெளிஞ்சா வரட்டும்."

"தெளியலைன்னா மாமா?"

கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். மிளகாய்த்தூள் என்று சொல்லிக்கொண்டார்.

தெய்வத்தை நான் நம்பாதவள் இல்லை. ஆனால் பேசாத மனிதனைக் கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார் என்று என் உள்மனசு சொன்னது. என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கப்பல் புறப்படுவதற்குள் இவரை எழுப்பியாக வேண்டும். எனக்கு வேறு யோசனை ஒன்றும் இல்லை.

மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாரத்துக்கு ஒரு நாள் வெளி நோயாளிகளைப் பார்ப்பார்கள். டாக்டர் ஒல்லியான சீனர். தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு நர்ஸ் இருந்தாள். நம்ம பெண்தான், வேதக்காரப் பெண், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. என்னைவிட இளையவள், வாய் மட்டும் பெரிது.

"நாள் பூரா என்ன செய்யறாருன்னு கேக்குறாருக்கா டாக்டர்."

"ரேடியோ கேக்குறாரு."

"ரேடியோல என்ன கேக்குறாரு?"

"அது என்ன பாடுதோ அதை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் அவளிடம் இங்கிலீஷில் பேசினார். அவள் எனக்குச் சொன்னாள்: "பாட்டு மனசுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களாம். எந்தப் பாட்டு, யாருக்கு, எவ்வளவு நல்லதுன்னு யாரும் அளந்து சொன்னதில்லையாம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறோமே, அந்த மாதிரி நீங்க வச்சுப் பாருங்கன்னு சொல்றாரு. பாட்டுக்கு முன்னால ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை, மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க. ஒண்ணுன்னா ரொம்ப மோசம், பத்துன்னா ரொம்ப நல்லா இருக்கு. அவ்வளவுதான்லா."

அவ்வளவுதான் என்றாள். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மனசு இப்ப எப்படி இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"அஞ்சு."

பாட்டு முடிந்தது. கேட்டேன். "அஞ்சு." அடுத்த பாட்டு. "அஞ்சு." காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கா?" என்றேன். அதற்கும் "அஞ்சு" என்றார். அடுத்த வாரம் நர்ஸிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அஞ்சுன்னா, என்னைச் சும்மா விடுன்னு அர்த்தம்க்கா."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்று, "நம்பரே வேணாம். உங்க பஸ்ஸு இப்ப எங்க நிக்குது? அதையாச்சும் சொல்லுங்க" என்றேன். கோபத்தில் வந்த கேள்விதான், யோசித்துக் கேட்டதில்லை.

அவர் தலையைத் தூக்கினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம்" என்றார்.

அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஆனால் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, தெர்மாமீட்டர் கிடைத்துவிட்டது என்று.

சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் ஒரு நீளக் கோடு போட்டேன். ஒரு முனையில் தஞ்சோங் பகார், மறு முனையில் காத்தோங். இடையில் மாரியம்மன் கோயில், நார்த் பிரிட்ஜ் ரோடு, பாலம், கேலாங். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பஸ் எங்கே நின்றது, பிறகு எங்கே நின்றது என்று புள்ளி வைப்பேன். காத்தோங் பக்கம் போனால் நல்லது. நர்ஸ் ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் மாடிக்கு வந்து பார்ப்பாள். "என்னக்கா இது, சுவருல தேர் ஓடுது!" என்பாள். பக்கத்துக் குடித்தனக்காரிகள், கரியைப் பூசிச் சுவரைக் கெடுக்கிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் வத்தி வைக்கப் பார்த்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வேகமான சினிமாப் பாட்டுகளைத்தான் சத்தமாக வைத்தேன். துக்கமாக இருப்பவனுக்குக் குஷியான பாட்டுதானே கொடுக்க வேண்டும்? யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் தாளம் துள்ளத் துள்ளப் பஸ் பின்னால் போயிற்று. "நார்த் பிரிட்ஜ் ரோடு" என்பார். ஒரு நாள் "தஞ்சோங் பகார்" என்றே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சாமிப் பாட்டுக்குப் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயிலில் உட்கார்ந்து யோசித்தேன். மேட்டில் நிற்கும் பஸ்ஸைச் சறுக்கவிடாமல் பிடித்து வைப்பது சின்ன வேலையா? அவள் பிடித்திருக்கிறாள். தள்ளுகிற வேலையை யாரிடமோ கொடுத்திருக்கிறாள். இதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ரேடியோ அம்மன் படம் இருந்த அதே பலகையில்தான் இருந்தது. விளக்கு வைத்த பிறகு அழுகைப் பாட்டு வீட்டில் ஒலிக்கக் கூடாது. சோகப் பாட்டு தொடங்கும் சாயல் தெரிந்தாலே ரேடியோவின் திருகைத் திருப்பிச் சத்தத்தை அணைத்துவிடுவோம். எங்கள் நடை முழுக்க இதே கதைதான். பாட்டின் முதல் இழுப்பு கேட்கும். உடனே இந்த அறையில் அடங்கும், எதிர் அறையில் அடங்கும், கோடி அறையில் அடங்கும். அது முடிந்து வேறு பாட்டு வரும் வரை நடையில் குழந்தைகளின் சத்தம் மட்டும் இருக்கும். ஆகவே என் அளவுக் கோட்டில் தமிழ் அழுகைப் பாட்டுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

ஆனால் மலாய்ப் பாட்டை அணைக்க மாட்டேன். பேசுகிற மலாய் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். பாட்டில் வரும் மலாய் புரியாது. அதில் ஒரு பாட்டு அடிக்கடி வரும். கிதாரும் பிடிலும் சேர்ந்து ஊஞ்சல் ஆடுகிற மாதிரி இருக்கும். கேட்டால் எனக்கே தலை ஆடும். அது முடிந்து கேட்டபோது, "பாலத்து மேல ஏறிடுச்சு" என்றார்.

ஓடிப்போய்ப் புள்ளி வைத்தேன். நர்ஸ் வந்ததும், "சந்தோஷமான மலாய்ப் பாட்டு கேட்டா பஸ்ஸு முன்னால போகுது" என்றேன். அவள் டாக்டரிடம் சொன்னாள். அவருக்கும் மகிழ்ச்சி. "அப்படியே செய்யட்டும்" என்றாராம். நான் மலாய் நிகழ்ச்சிகளாகத் தேடிப் பிடித்து, ஜோகெட் ஆட்டப் பாட்டுகளையெல்லாம் சத்தமாக வைத்தேன். பஸ் நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்கே திரும்பிவிட்டது. டாக்டருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கப்பல் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மூத்தார் பெட்டிகூட வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பின் சந்தில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சாதம், கட்டி விற்பார். அவரைக் 'காக்' என்பேன், அக்கா என்கிற மாதிரி. ஒரு நாள் அவரிடம் வாங்கப் போனபோது, என்னை அறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அலாமாக்! காலங்காத்தால என்ன பாட்டு இது? உங்க வீட்டுல யாரு செத்துட்டா?" என்று மலாயில் கேட்டார்.

"இது சந்தோஷப் பாட்டுதானே காக்?"

"சந்தோஷமா! கடலுக்குப் போனவன் திரும்பி வரலை. அவன் படுத்த பாயை யாரு சுருட்டறதுன்னு ஒருத்தி அழறா. உன் மாடியிலேர்ந்து இது கேக்கும்போதெல்லாம், இந்தத் தமிழச்சிக்கு என்ன துக்கமோன்னு நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு சாதம் கட்டறேன்லா!"

நான் தலையை ஆட்டி ரசித்ததைச் சொன்னேன். அவர் முக்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பாக் சிக் செத்ததையும் இவர் உட்கார்ந்துபோனதையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன் புருஷன் அந்த டிரைவருக்காக அழுதானா?" என்றார்.

"இல்ல காக்."

"ம்" என்றார். பொட்டலத்தில் ஒரு கரண்டி சம்பால், அந்த மிளகாய் விழுது, கூடுதலாக வைத்துக் கொடுத்தார்.

அன்று நேராகக் காளியம்மன் கோயிலுக்குப் போனேன். "அம்மா, உன் பாட்டுகளைப் பாடினவர்களே உன் முன்னால் அழுதுதானே பாடினார்கள். உன் விளக்குக்கு முன்னால் அழக் கூடாது என்றால் வேறு எங்கே போய் அழுவது? இன்றைக்கு நான் திருகைத் தொடப்போவதில்லை. குற்றம் என்றால் என்னோடு வைத்துக்கொள். அவரை விட்டுவிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விளக்கு வைத்தேன். அழுகைப் பாட்டு வந்தது, தமிழ்ப் பாட்டு. வழக்கம்போல நடையில் ஒவ்வொரு அறையாக அடங்கிற்று. எங்கள் அறையில் மட்டும் அது பாடியது. நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "அணைக்க மறந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். "மறக்கலை" என்றேன். பாட்டு முடிந்ததும் கேட்டேன். "பாலத்துல பாதி" என்றார். மறுநாள் மறுபடி பாலத்துக்கு இந்தப் பக்கம். அதற்கு மறுநாள் பாலத்தின் மேல். ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருந்தது. ஆனால் நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்கு அது திரும்பிப் போகவே இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது மூத்தார் வந்தார். கப்பலில் இடம் பதிவாகிவிட்டது என்று சொல்லத்தான் வந்தார். வாசலுக்கு வரும்போது அம்மன் படத்துக்கு விளக்கு எரிகிறது, அதற்குப் பக்கத்தில் ரேடியோ அழுகிறது.

"ஏம்மா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச வீட்டுல ஒப்பாரியா? இப்படிச் செஞ்சா அவன் எப்படிம்மா உருப்படுவான்?"

"கொஞ்சம் பொறுங்க மாமா. இதை வச்சுத்தான்…"

"என்னத்தைப் பொறுக்கறது?" என்று திருகை நோக்கிக் கையை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே. பாட்டு முடியட்டும்."

அண்ணனிடம் அவர் பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. மூத்தார் நீட்டிய கையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்தது. ரேடியோவில் யாரோ காய்கறி விலையோ என்னவோ வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த விலைகளுக்கு நடுவில் இவர் பேசினார்.

"ரெண்டு மணி அடிச்சேண்ணே. நகரலை. திரும்ப அடிச்சேன். செத்துக் கிடந்த மனுஷனைப் பார்த்து, காத்து சொகமா இருக்கான்னு கேட்டேண்ணே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அதோடு உடைந்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்க, குழந்தை பயந்து என் காலைக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு அழுதார். மூத்தார் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "உனக்கு என்னடா தெரியும், உனக்கு என்னடா தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுது ஓய்ந்த பிறகு, நான் விடுவேனா? "இப்ப பஸ்ஸு எங்க நிக்குது?" என்றேன்.

"இப்பவுமாடி?" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நிக்கலை. போய்க்கிட்டிருக்கு."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். மூத்தார் அப்படி நினைக்கவில்லை. ஆண்பிள்ளை இப்படி அழுதால் நோய் முற்றிவிட்டது என்றுதான் அவருக்குப் பட்டது. படி இறங்கும்போது, "இனி தாமதிக்கக் கூடாதும்மா. துணிமணியை எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்கு அவரும் கூடவே வந்தார், டாக்டரைக் கேட்டுவிடுவது என்று. மில்லில் பேசுகிற சத்தத்திலேயே பேசினார். டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு நர்ஸ் சொன்னாள்: "கப்பலுக்கு இன்னும் நாள் இருக்குல்ல மாமா? அதுவரைக்கும் நீங்களே சாயங்காலம் போயி, நீங்களே பஸ்ஸு எங்கன்னு கேக்கணுமாம். அண்ணன் கேட்டா பொய் சொல்ல மாட்டாருல்ல. அப்பறம் நீங்க என்ன முடிவு சொன்னாலும் டாக்டர் குறுக்க நிக்க மாட்டாராம்."

மறுக்க முடியவில்லை அவரால். மில்லை மூடிவிட்டு, உடம்பெல்லாம் மல்லித்தூள் வாசத்தோடு வந்து உட்காருவார். பாட்டுக்கு முன்னால், "டேய், பஸ்ஸு எங்கடா?" பாட்டுக்குப் பின்னால், "டேய், இப்ப எங்கடா?" முதல் நாள் கடனே என்று கேட்டார். மூன்று நான்கு நாளில் கரித்துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குதிப்புப் பாட்டு தொடங்கினால், "அணைம்மா, அணை! இது இவனைப் பின்னால தள்ளும்" என்பார். அழுகைப் பாட்டு வந்தால், "ஏய், சத்தம் போடாதீங்க!" என்று நடையைப் பார்த்து அதட்டுவார். வெள்ளிக்கிழமையும் அதட்டினார். அவர் அதட்டிய பிறகு எதிர் அறைக்காரிகூடத் தன் ரேடியோவை அணைக்காமல் விட்டாள்.

ஒரு சாயங்காலம், பாட்டுக்கு முன்னால் கேட்டபோதே, "கேலாங்" என்றார் இவர். பாட்டே இல்லாமல் கேலாங். மூத்தார் கரியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கப்பல் வேணாம்ணே" என்றார் இவர். "நாளைக்கு நான் கேலாங் சீராய் போகணும். பாக் சிக் வீட்டுக்கு. அதுக்கப்பறம் டிப்போவுக்குப் போய் மேனேஜரைப் பார்க்கறேன்."

"டிக்கெட்டு எடுத்தாச்சுடா."

"நீங்க போயிட்டு வாங்க. ஊருல உங்க கொழுந்தியா ரொம்ப நாளா கூப்பிடறாளாமே."

மூத்தார் அடிக்கக் கை ஓங்கினார். அது முதுகில் தட்டலாகத்தான் விழுந்தது. மறுநாள் கப்பல் ஏஜென்டிடம் போய்ச் சண்டை போட்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் சொன்னபடி கேலாங் சீராய் போனார். பாக் சிக்கின் மனைவியும் இவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அதே பஸ்ஸில், வேறொரு டிரைவரோடு வேலைக்கு ஏறினார். பாலத்தைத் தாண்டும்போது கொஞ்ச நாள் கண்ணை மூடிக்கொள்வாராம். பிறகு அதுவும் போயிற்று.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். ஏனென்றால் இந்தக் கதை எனக்கு முன்னாலேயே ஊருக்குள் கிளம்பிவிட்டது. அது போன வழியில் என்னென்னவோ ஆயிற்று. அழுகைப் பாட்டு போட்டால் மனநோய் தீரும் என்றார்கள். பின் சந்து மலாய்க்காரி மந்திரம் வைத்தாள் என்றார்கள். அந்தப் புண்ணியவதி ஒரு கரண்டி சம்பாலைத் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. கோயிலில் ஒரு மாமி என் கையைப் பிடித்து, "எந்தப் பாட்டுடி? அதை மட்டும் சொல்லிடு" என்று கெஞ்சினார்.

கீழ்வீட்டில் இட்லி சுட்டு விற்ற அம்மாளுக்குப் புருஷன் தவறியபோது, நானே அந்தத் தப்பைச் செய்யப் பார்த்தேன். அவர் வீட்டில் போய் அழுகைப் பாட்டை வைத்தேன். "எடுத்துட்டுப் போடி உன் ரேடியோவை! நான் அழறதே போதாதா?" என்று விரட்டிவிட்டார். அவரிடம் பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டு என்ன பயன்? "மாவு பொங்கியிருக்கா அக்கா?" என்று கேட்டேன். அவருக்கு உடனே புரிந்தது. "அசையவே இல்லைடி" என்றார். அவருடைய மாவைப் பொங்க வைத்தது ஆட்டுக்கல் சுற்றும்போது கேட்கும் துள்ளல் பாட்டுகள்தான், என் வீட்டுக்காரரைத் தஞ்சோங் பகாருக்குத் தள்ளிய அதே வகைப் பாட்டுகள். இதை நர்ஸ் வழியாக டாக்டருக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் அதைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டாராம், மாவு என்ற சொல்லோடு.

ஆகவே இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இதை உள்ளபடியே மற்றவர்களுக்குக் கொடுங்கள். சாமிப் பாட்டு அவரை நகர்த்தவில்லை என்ற இடத்தை, எனக்காகக் கூச்சப்பட்டு எடுத்துவிடாதீர்கள். அது அவரைச் சறுக்காமல் பிடித்தது என்பதையும் விடாதீர்கள். அழுகைப் பாட்டால் மறுநாளே எழுந்து ஓடினார் என்று சேர்க்காதீர்கள். ஏறியும் இறங்கியும்தான் வந்தார். டாக்டரையும் அந்த வேதக்காரப் பெண்ணையும் மறந்துவிட்டு எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி உட்கார்ந்துவிட்டால், அவர் எந்த வேலையில் இருந்தாரோ அந்த வேலையின் வார்த்தையில் கேளுங்கள், பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. யாராவது "அது எந்தப் பாட்டு?" என்று கேட்டால், "அதை அவள் எழுதவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.